படுத்தால்தான் செல்லும் அட்டை

அஞ்சல் நிலையக் கவுன்டரில் 36 வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் மூலக்குளத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் இன்னும் 'போஸ்ட் ஆபீஸ் சார்'தான். யாருக்கு என்ன படிவம் வந்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் சேமிப்புக் கணக்கு, முதியோர் பென்ஷன், வாழ்நாள் சான்று என்று வருவார்கள். இப்போது வருகிற காகிதங்களில் பாதி மருத்துவ அட்டை சம்பந்தப்பட்டது. நம் வயதுக்காரர்களின் பேச்சும் அதுதானே. யாருக்கு எந்த அட்டை, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எங்கே செல்லாது.

இந்தப் பதிவு எங்கள் எதிர்வீட்டு அண்ணனைப் பற்றியது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றதையெல்லாம் எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

அண்ணனுக்கு 72 வயது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்து 58 வயதில் வெளியே வந்தவர். பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். மகன் ஓசூரில் இருக்கிறான், மாதாமாதம் முடிந்ததை அனுப்புகிறான். அண்ணனுக்குச் சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது, பிரஷரும் உண்டு. மருந்துக் கடையில் மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை தனி.

70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபர் 29ஆம் தேதி மத்திய அரசு தொடங்கி வைத்தது நினைவிருக்கும். 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்று அட்டையின் பெயர். எங்கள் பக்கம் ஒரு முகாம் போட்டபோது அண்ணன் ஆதார் அட்டையோடு போய்ப் பதிந்துகொண்டு வந்தார். அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துவந்து காட்டினார். "தம்பி, இனிமே மாத்திரைச் செலவு மிச்சம்டா" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பத்து நாள் கழித்து அதே அட்டையோடு திரும்ப வந்தார். வில்லியனூர் ரோட்டில் ஒரு கிளினிக்கில் கொடுத்தாராம், வரவேற்பில் இருந்த பெண் திருப்பித் தந்துவிட்டாள். ரெட்டியார்பாளையத்தில் இன்னொன்று, பெரம்பை ரோட்டில் இன்னொன்று. எல்லா இடத்திலும் ஒரே பதில், "இது இங்க செல்லாதுங்க."

"இது டூப்ளிகேட் கார்டா தம்பி? ஏமாத்திட்டானுங்களா?" என்று கேட்டார்.

அட்டை அசல்தான். அவர் எதிர்பார்த்தது வேறு. அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. நம் புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு உள்ளதுபோல அண்ணனுக்கும் பிரான்ஸ் சொந்தம் உண்டு. அண்ணியின் தம்பி அங்கேதான். அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். வருஷத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் மச்சான் அந்த ஊர்ப் பெருமையைச் சொல்லுவார். அங்கே பச்சை நிறத்தில் 'கார்த் வித்தால்' என்று ஓர் அட்டை. தெருமுனை டாக்டரிடம் போய் அதை மெஷினில் போட்டால் போதும். இப்போது அங்கே பொது மருத்துவரின் ஃபீஸ் 30 யூரோ. அதில் 70 சதவீதத்தை அரசுக் காப்பீடு ஏற்று, 2 யூரோ பிடித்துக்கொண்டு, 19 யூரோவைத் திருப்பித் தந்துவிடும். 'என் டாக்டர் இவர்' என்று ஒருவரைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் மனதில் பதிந்திருந்தது அந்தப் பச்சை அட்டை. நம் ஊரிலும் அட்டை வந்துவிட்டது, அப்படியென்றால் பக்கத்து டாக்டரிடம் நீட்டலாம் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

ஆனால் நம் அட்டை வேறு மாதிரி. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிய திட்டம் இது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்துச் செய்கிற சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும். சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீட்டுக்கு வந்தபின் 15 நாள் செலவும் அதற்குள் வரும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். இதெல்லாம் பெரிய விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கையில் சேராமல், டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வருகிற புறநோயாளிச் செலவுக்கு அது கிடையாது.

இதை நான் அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் படுத்தாத்தான் இது செல்லும். நடந்து போனா செல்லாது" என்றார். திட்டத்தின் விதிமுறையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'ஆயுஷ்மான்' என்ற பெயரில் மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன. நம் தெருவில் பலருக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஒன்று, 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண். இது உங்கள் மருத்துவக் குறிப்புகளைச் சேர்த்துவைக்க உதவும் அடையாள எண் மட்டும். இதைக் காட்டினால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

இரண்டு, அண்ணன் வைத்திருந்த காப்பீட்டு அட்டை. படுக்கைச் சிகிச்சைக்கு.

மூன்று, 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று போர்டு மாட்டியிருக்கும் சுகாதார நிலையங்கள். 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்தில் ஜாங்லா என்ற ஊரில் முதலாவது திறக்கப்பட்டது. அப்போது 'நலவாழ்வு மையம்' என்ற பொருள்படும் பெயர் இருந்தது, 2023 கடைசியில் பெயரை மாற்றினார்கள். பெரும்பாலானவை நாம் பல வருடமாகப் பார்த்துவரும் துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். தினசரி மாத்திரைக்கான இடம் இது. இங்கே காப்பீடே தேவையில்லை.

போதாக்குறைக்கு 'ஆயுஷ்' என்று சித்தா, ஆயுர்வேதப் பிரிவுகளுக்குத் தனிப் பெயர் வேறு. ஒரு அம்மா என்னிடம் ஆயுஷ்மான் கார்டைக் காட்டிக் கஷாயம் தருவார்களா என்று கேட்டது தனிக் கதை.

சரி, காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு சாதாரணக் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் டாக்டரைப் பார்க்கும் வழியே இந்த நாட்டில் இல்லையா? சிலருக்கு இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். எனக்கு அதுதான். பத்து வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டிவிட்டால் ஆயுளுக்கும் அட்டை. புதுச்சேரியில் அதன் மையம் இருக்கிறது, நீடித்த நோய்களுக்கு மூன்று மாத மாத்திரைகூட மொத்தமாகத் தருவார்கள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கென்னப்பா, கவருமென்ட்டு" என்றார்.

இன்னொன்று இ.எஸ்.ஐ. அண்ணன் அதை மறந்தே போயிருந்தார். 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் கொஞ்சம், முதலாளியிடம் கொஞ்சம் பிடித்து நடத்துகிற காப்பீடு. டிஸ்பென்சரியில் டாக்டரைப் பார்த்து, அங்கேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் அண்ணன் அங்கே போனவர்தான். "வேலை முடிஞ்சதும் அதுவும் முடிஞ்சு போச்சு" என்று நினைத்துவிட்டார்.

முடியவில்லை. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயதாகி ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் கணக்கில் வருடத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். 120 ரூபாய்! டீக்கடையில் ஒரு வாரச் செலவு. இந்த விதி எத்தனையோ பேருக்குத் தெரியவில்லை. வேலையை விட்டு வரும் நாளில் யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அண்ணன் 14 வருடமாக அங்கே மாத்திரை வாங்கியிருப்பார்.

ஆனால் அதற்கு ஓய்வு பெற்றதற்கும் காப்பீட்டில் இருந்ததற்கும் அத்தாட்சி வேண்டும். தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அண்ணி பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி, கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பையனின் பள்ளிக்கூட மார்க் ஷீட்டுகளுக்கும் நடுவில் தேட ஆரம்பித்தார்கள். காகிதம் கிடைத்து, விண்ணப்பம் போட்டு, அது வருவதற்கு நாளாகும். அதுவரை மாத்திரை?

அப்போதுதான் அண்ணி ஒரு உண்மையைச் சொன்னார்கள். "கேளுங்க தம்பி, மூணு மாசமா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கறாரு. கார்டு வந்ததும் ஒழுங்கா போட்டுக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அண்ணியையும் வரச் சொன்னேன். "நான் எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கார்டும் இல்லியே" என்றார்கள். அண்ணிக்கு 66 வயது. முகாமில் 70 ஆனவர்களுக்கு மட்டும்தான் பதிந்தார்கள். கார்டு இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். வற்புறுத்தித்தான் ஆட்டோவில் வந்தார்கள்.

அங்கே யாரும் எந்த அட்டையும் கேட்கவில்லை. பெயர், வயது, தெரு சொல்லி ஓ.பி. சீட்டு வாங்கினோம். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். கைக்குழந்தைகளோடு பெண்கள், இருமலோடு ஒரு பெரியவர், விரலில் கட்டுப் போட வந்த ஒரு கொத்தனார். அண்ணன் என் காதில், "இது பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ள இடம்னுல்ல நினைச்சிருந்தேன்" என்றார். அவர் மட்டும் இல்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். சொட்டு மருந்துக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு போனதோடு சரி.

நர்ஸ் முதலில் அண்ணனுக்கு விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 312. பிரஷர் 170க்கு 100. அதன்பிறகு அந்தப் பெண் கேட்டதுதான் முக்கியம். "செருப்பைக் கழட்டுங்க ஐயா, பாதத்தைக் காட்டுங்க." வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவில் புண். அண்ணனுக்கு வலியே இல்லை, அதனால் தெரியவும் இல்லை. சர்க்கரை அதிகமாகி நரம்பு மரத்துப்போனால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டரம்மா விளக்கினார். 11 வருடத்தில் காசு கொடுத்துப் பார்த்த இடத்தில் ஒருநாளும் காலைக் காட்டச் சொன்னதில்லையாம்.

"அம்மா, நீங்களும் வாங்க, முப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் பாக்கறோம்" என்று நர்ஸ் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். நர்ஸ் ஒரு தடவை பார்த்தார். பேசாமல் பத்து நிமிடம் உட்காரவைத்து இன்னொரு தடவை பார்த்தார். 186க்கு 110.

வீட்டில் நோயாளி அண்ணன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அண்ணிக்கு அதுவரை யாருமே கையில் பட்டை கட்டிப் பார்த்ததில்லை. அடிக்கடி தலைவலி என்பார்கள், தைலம் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். டாக்டரம்மா அண்ணனைப் பார்த்து, "ஐயா, உங்களைவிட இவங்களுக்குத்தான் முதல்ல மாத்திரை தரணும்" என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது அண்ணியின் பையை அவரே வாங்கிக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் மாத்திரை அங்கேயே கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள். கட்டணம் என்று ஒரு பைசா கொடுக்கவில்லை.

எல்லாம் பிரமாதம் என்று எழுத மாட்டேன். அண்ணன் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் ஒன்று அங்கே இல்லை. அதை மக்கள் மருந்தகத்தில் கம்பெனிப் பெயர் இல்லாத மருந்தாக வாங்குகிறார், முன்பு கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. சில நாள் கூட்டம் அதிகம், டாக்டர் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்க முடியாது. ஒரே டாக்டர் தொடர்ந்து இருப்பார் என்ற உறுதியும் இல்லை. அதனால் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தேதி, சர்க்கரை, பிரஷர், மாத்திரையின் பெயர் எல்லாம் அதில். டாக்டர் மாறினாலும் நோட்டு பேசும்.

வீட்டுக்குப் பக்கத்தில் எல்லோருக்குமான ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்ற யோசனை நேற்று வந்ததில்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், போர் கமிட்டி அறிக்கை சொன்னதுதான். போர் என்றால் சண்டை இல்லை, சர் ஜோசப் போர் என்பவர் தலைவர். பணம் கொடுக்க முடியாத காரணத்தால் யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி அறிவித்ததும் இதே ஆரம்ப சுகாதாரத்தைத்தான். கோட்டக்குப்பத்தில் இருக்கும் என் கொழுந்தியாளுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முத்தியால்பேட்டை தாண்டினால் தமிழ்நாடு, 2021 ஆகஸ்டில் அவர்கள் தொடங்கிய திட்டம். அட்டை, காப்பீடு என்ற பேச்சே அதில் இல்லை.

எனக்கு மனதில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இன்னும் இரண்டு வருடம் அரைகுறையாக மாத்திரை போட்டு, சிறுநீரகம் கெட்டிருந்தால், டயாலிசிஸ் செய்ய அந்த ஐந்து லட்ச அட்டை உதவியிருக்கும். கால் விரலை எடுக்க நேர்ந்திருந்தால் அதற்கும் உதவியிருக்கும். அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கிற மாத்திரைக்கு அது உதவாது. பெரிய செலவிலிருந்து ஏழையைக் காப்பாற்றத்தான் அந்தத் திட்டம், அதை அது செய்கிறது. ஆனால் அட்டை வந்துவிட்டது என்ற தைரியத்தில் ஒருவர் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார் என்றால், சொல்லிக் கொடுப்பதில் எங்கோ குறை இருக்கிறது. முகாமில் அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, "இது படுக்கைக்கு, மாத்திரைக்கு அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போங்க" என்று கையைக் காட்டினால் போதும்.

அதனால் இப்போது திண்ணைக்கு வருகிறவர்களிடம் நான் நான்கு விஷயம் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்றால் எந்த அட்டையையும் தேடாதீர்கள். உங்கள் தெரு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்தது என்று கேளுங்கள். ஆஷா பணியாளருக்கோ அங்கன்வாடி டீச்சருக்கோ தெரியும்.

ஐந்து லட்ச அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை நோய் வருவதற்கு முன்பே 14555 என்ற எண்ணில் கேட்டு எழுதி வையுங்கள். சேரும்போது முதல் நாளே அட்டையைக் காட்ட வேண்டும்.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரா? பழைய இ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுங்கள். எண் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் பிரஷர் பாருங்கள்.

அண்ணனின் புண் ஆற ஏழு வாரம் ஆனது. ஆறு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 11.2இலிருந்து 8.1க்கு வந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அண்ணியின் தலைவலி போய்விட்டது, தைலப் புட்டி அப்படியே இருக்கிறது. தகரப்பெட்டியில் இ.எஸ்.ஐ. எண் உள்ள அட்டை கிடைத்தது, ஓய்வு பெற்ற கடிதம் கிடைக்கவில்லை. பி.எஃப். பென்ஷன் ஆணையில் வேலையை விட்ட தேதி இருக்கிறது. அதை வைத்து விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.